என் வலது முழங்கால் விஷயமாக மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள், அப்படியே வந்தாலும் உங்கள் ஊர் மருத்துவமனை உங்களை வாசலில் நிற்க வைக்காது என்ற நம்பிக்கையோடு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம். செருப்புக் கடைகள் மூன்றும் நலம். என் இடது முழங்கால் மிகவும் நலம். வலதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் மூச்சு விடும் இடம் பார்த்து நான் நுழைய வேண்டியிருக்கிறது, நீங்களோ இப்போதெல்லாம் மூச்சே விடுவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். "மாப்ள, அங்க கெடந்து ஏன் அவஸ்தைப்படுறீங்க? இங்க வாங்க, காசைக் கட்டுங்க, ஒரே வாரத்துல புது முட்டியோட நடந்து போங்க. உங்க ஊர்ல டாக்டரைப் பாக்கறதுக்குள்ள வியாதிக்கே வயசாயிடும்" என்றீர்கள். பின்னால் அக்கா சிரித்த சத்தமும் கேட்டது. நானும் சிரித்தேன், சிரிப்பில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஆனால் தீர யோசித்து முடிவு எடுத்துவிட்டேன். நான் வரவில்லை. வரமாட்டேன். இந்த முட்டி இங்கேதான் தேய்ந்தது, இங்கேதான் மாற்றப்படும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்து மேலே வந்தவன் இல்லை, ஊரார் காலைப் பிடித்து மேலே வந்தவன். தெருவோரம் சாக்கு விரித்து ரப்பர் செருப்பு விற்ற காலத்திலிருந்து இன்று வரைக்கும், வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் அவர் முன்னால் வலது முட்டியை ஊன்றி, அவர் காலை என் இடது தொடைமேல் வைத்து, நானே மாட்டிவிட்டுத்தான் விற்கிறேன். முதலாளி தன் காலைத் தொட்டுவிட்டான் என்றால் மனுஷனுக்கு வெறுங்கையோடு எழுந்து போக மனசு வராது. இதுதான் என் மொத்தத் தொழில் ரகசியம், கடை ஆட்களுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன், அவர்கள் டப்பாவை நீட்டிவிட்டு நின்றுகொள்கிறார்கள். ஆகவே மண்டியிட முடியாத நான் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்லாவிலிருந்து பார்த்துக்கொள்ளும் வியாபாரம் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவன் நான், அப்படி முடிந்த இரண்டு கடைகளை வாங்கித்தான் என் கடைகளாக்கினேன்.

இப்போது நியாயத்துக்கு வாருங்கள். ஒருவர் என் கடைக்கு வந்து, தனக்குப் புது ஷூ தேவையா என்று என்னிடமே கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவர் போட்டிருப்பதைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இதைப் போட்டுக்கிட்டா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?" என்பேன். அது என் பிழைப்பு. உங்கள் ஊர் டாக்டருக்கும் அதுவே பிழைப்பு. உங்களுக்கு வயிறு வலித்தபோது என்ன நடந்தது? போனீர்கள், அந்த வாரமே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பூச்சாடி வைத்த அறையிலிருந்து படம் அனுப்பினீர்கள், உங்கள் தங்கை அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுத் திரைச்சீலையை மாற்றினாள். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு அதே இடத்தில் அதே வலி. கடைசியில் பார்த்தால் வெறும் வாயு. பித்தப்பையைத் திரும்பக் கேட்டீர்களா மச்சான்? விற்ற சரக்கை நானும் திரும்ப எடுப்பதில்லை. எங்கள் நாட்டில் எல்லாருடைய வைத்தியச் செலவையும் அரசாங்கம் ஒன்றேதான் கட்டுகிறது. வரியில் பிடித்துக்கொள்கிறார்கள், பிறகு முட்டிக்கும் முதுகுக்கும் தனியாகக் கேட்பதில்லை, பணம் இருக்கிறது என்று யாரும் முந்திப் போகவும் முடியாது. என்னை அறுத்தாலும் டாக்டருக்கு அதே சம்பளம், அறுக்காமல் அனுப்பினாலும் அதே சம்பளம். அப்படிப்பட்ட ஆள் "மாத்தித்தான் ஆகணும்" என்று சொன்னால் நான் நம்புகிறேன்.

ஆனால் உள்ளதை உள்ளபடி பேச வேண்டும். தெருவில் ஒரே கடை என்றால் கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மத்தியானம் தூங்குவான். இவர்களிடமும் அந்தத் தூக்கம் இருக்கிறது. போன் செய்தால் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்தப் பாட்டு எனக்கு இப்போது மனப்பாடம், குளிக்கும்போது அதுதான் வாயில் வருகிறது. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி எல்லாம் தாழ்வானவை, முட்டி போனவன் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அதனால்தான் யாரும் எழுந்து போவதில்லையோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் வேலை சுத்தம். பக்கத்துக் கடை பேக்கரிக்காரருக்கு இங்கேதான் மாற்றினார்கள். காத்திருந்த நாளெல்லாம் அரசாங்கத்தைத் திட்டியவர், இப்போது மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்று வேண்டுமென்றே வானிலை பேசுகிறார்.

அவருக்கு முடிந்துவிட்டது, உங்களுக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பீர்கள். நிர்வாகம் சரியில்லை என்றுதான் இதுவரை உங்களிடம் சொல்லி வந்தேன். அதில் கொஞ்சம் என் கைவேலையும் இருக்கிறது. இங்கே முதலில் வந்தவர் முதலில் என்ற கணக்குக் கிடையாது. யாருக்கு அதிகக் கஷ்டமோ அவர் முன்னால். அதைப் பார்த்து முடிவு செய்ய ஒரு பிசியோதெரபிப் பெண்மணி இருக்கிறாள். எனக்கு மனிதர்களின் பெயர் நிற்காது, காலில் போட்டிருப்பதுதான் நிற்கும், ஆகவே அவளை வெள்ளை ஷூ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "வலி எவ்வளவு இருக்கு சார்?" என்று கேட்டாள். மச்சான், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர், உனக்கு இது எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் நான் ஆயுசு பூராவும் என்ன செய்து பழகியிருக்கிறேன்? சுவரைப் பார்ப்பேன். தேவையை வெளியே காட்டினால் அங்கேயே விலை ஏறிவிடும். "ஏதோ இருக்கும்மா, பெருசா இல்ல" என்றேன். "படி ஏற முடியுதா?" "அதெல்லாம் ஜோரா ஏறுவேன்." "தூக்கம்?" "கட்டை மாதிரி." "நடக்கிறீங்களா?" "தெனமும் வாக்கிங்." கடைசியாக, "ஆபரேஷன் சீக்கிரமா வேணும்னு நினைக்கிறீங்களா?" என்றாள். இதுதான் பிடிகொடுக்காமல் அடிக்க வேண்டிய இடம் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, இன்னும் நாலு எடத்துல விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒரு போடு போட்டேன். நாடு முழுக்கத் தேடினாலும் வேறு இடம் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "ரொம்ப சந்தோஷம் சார்" என்று சிரித்த முகமாக வாசல்வரை வந்து அனுப்பினாள். நான் வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம், "மடங்கிட்டா, நல்லபடியா முடியும்" என்றேன். அவள் என்னை வரிசையின் வால் நுனியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

பிறகு எக்ஸ்ரேவுக்குப் போன ஒரு நாள் கூடத்தில் பஸ் டிரைவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்கும் வலது முட்டி. எனக்கு வெகுதூரம் முன்னால் நிற்கிறவர். நான் மெதுவாக, "அண்ணே, உங்க எடத்தை எனக்கு விட்டுக்குடுங்க, உங்க வீட்ல எல்லாருக்கும் ஆயுசுக்கும் செருப்பு என் பொறுப்பு" என்றேன். அவர் தன் காலையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "எடம் என் பேர்ல இல்லண்ணே, என் வலி பேர்ல இருக்கு. வலியை எடுத்துக்கிறீங்கன்னா இப்பவே தர்றேன், செருப்புகூட வேணாம்" என்றார். கூடம் மொத்தமும் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாருமே கால் சரியில்லாதவர்கள், மெத்தென்ற செருப்புக்கு இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும் என்று என் கடை அட்டையை ஆளுக்கொன்று கொடுத்தேன். காவலாளி வந்து, "சார், இது ஆஸ்பத்திரி, சந்தை இல்ல" என்று என்னை வெளியே கொண்டுபோய் விட்டார். அவர் பூட்ஸில் அடி பிளந்திருந்தது, அடுத்த நாளே கடைக்கு வந்து மாற்றிக்கொண்டார். அந்த வரைக்கும் நஷ்டம் இல்லை.

வலி கூடினால் மறுபடி காட்டலாம் என்றார்கள். கூடிவிட்டது. இந்த முறை உங்கள் தங்கையும் கூட வந்தாள். வெள்ளை ஷூ அவளிடம், "உங்க வீட்டுக்காரருக்கு என்னங்க, தெனமும் வாக்கிங் போறாரு, கட்டை மாதிரி தூங்கறாரு" என்றாள். "வாக்கிங்கா? இவரா? பாத்ரூமுக்கே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரும்மா!" என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை என் பக்கம் திரும்பினாள். உங்கள் குடும்பத்துப் பார்வை உங்களுக்கே தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. "ஆஸ்பத்திரியிலயுமா பேரம் பேசுவீங்க?" என்றாள். சரி, தேவையைக் காட்டினால்தான் இங்கே சரக்கு நகரும் என்று புரிந்துகொண்டு, வெள்ளை ஷூ முட்டியைப் பார்க்கக் கையை நீட்டியதும் "ஐயோ!" என்று கூவினேன். "இன்னும் தொடவே இல்லையே சார்" என்றாள்.

அப்புறம் அவள் கையை எடுத்துக்கொண்டு தன் காலை முன்னால் நீட்டினாள். "சார், என் லேஸ் அவுந்திருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன், அவிழ்ந்துதான் இருந்தது. மச்சான், என் கையும் காலும் என்னைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. இறங்கிவிட்டேன். வலது முட்டி தரையில், அவள் கால் என் தொடைமேல், ஷூவின் நாக்கை நேராக இழுத்து, லேஸைச் சமமாக்கி, இரட்டை முடிச்சு. கட்டி முடித்துக் காலை இறக்கி வைத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. "எந்திரிங்க" என்றாள் உங்கள் தங்கை. "ஒரு நிமிஷம்" என்றேன். அந்த நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது. நான் யார் யார் முன்னாலோ மண்டியிட்டதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், எழ முடியாமல் இருந்ததைப் பார்த்ததில்லை, அவள் கண்ணில் படாதபடி நான் நடத்தி வந்தேன். இரண்டு பேருமாகக் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். வெள்ளை ஷூ கேட்டாள்: "கடையில இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?" அப்போதுதான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். "எழுந்திரிக்க வரலேன்னா கீழ இருந்தபடியே இன்னொரு ஜோடி காட்டுவேம்மா. சில நாள் அதனாலயே ரெண்டு ஜோடி வித்திருக்கு." அவள் சிரிக்கவில்லை. என்னை முன்னால் நகர்த்திவிட்டாள். பஸ் டிரைவருக்கு ஒரு இடம் முன்னால் வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "யாராவது வர முடியலேன்னா அந்த எடத்துக்கு உங்களைக் கூப்பிடுவோம் சார். எப்ப வேணாலும் போன் வரும். உடனே சரின்னு சொல்லணும்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

ஆகவே மச்சான், என் முடிவில் மாற்றம் இல்லை. பணம் பேசும் இடத்தில் பிழைத்துப் பழகியவன், வலி பேசும் இடத்தில் வாயைத் திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான், அதற்கு வரிசையைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்போது பாடம் படித்துவிட்டேன். இனிமேல் வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதாக உங்கள் தங்கைக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன் கையிலேயே இருக்கிறது. நீங்கள் ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம், அந்தப் பூச்சாடி டாக்டரிடம் என் பேரைக்கூடச் சொல்ல வேண்டாம். புது முட்டியோடு வந்து உங்கள் வீட்டு வாசலில் மண்டியிட்டு உங்களுக்கு நானே ஒரு ஜோடி மாட்டிவிடுகிறேன், அப்போது எந்த ஊர் வைத்தியம் உசத்தி என்று பேசிக்கொள்வோம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தேயாத காலும் தேய்கிற செருப்புமாக நீண்ட காலம் நடக்க வேண்டும்.

மாறாத உறுதியுடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். "சார், நாளைக்குக் காலையில ஒரு எடம் காலியாயிருக்கு, வர்றீங்களா?" அத்தனை சந்தோஷம் மச்சான். அந்தச் சந்தோஷம் குரலில் தெரிந்துவிடக் கூடாதே என்று கண் தானாகச் சுவர் பக்கம் போய்விட்டது. "நாளைக்கா... பாத்துச் சொல்றேன்" என்றேன். "சரிங்க சார், அடுத்தவங்களைக் கேட்டுக்கறோம்" என்று வைத்துவிட்டாள். கடைக்கு வந்து பத்து ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்லி நழுவுகிறவர்களை நான் என்னென்ன திட்டியிருக்கிறேன்! உடனே திரும்பக் கூப்பிட்டேன், பாட்டு முழுவதும் ஓடியது. நடுவில் வேறு போன் வந்தது, என் கடை அட்டையில் நம்பர் பார்த்து பஸ் டிரைவர். "அண்ணே, கெடச்சிருச்சு! நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க!" என்றார். நன்றாக இருக்கட்டும், நல்ல மனுஷன்.

உங்கள் தங்கை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இப்போது உள்ளே உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன், டிக்கெட் என்ற சொல் இரண்டு தடவை காதில் விழுந்தது. ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், உங்கள் வீட்டில் படி ஏறாத அறை ஒன்று ஒழித்து வையுங்கள். பூச்சாடி டாக்டரையும் பாருங்கள். ஆனால் ஒன்று மச்சான், அவர் விலை சொன்னதும் தலையை ஆட்டிவிடாதீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாத்துச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். மீதியை நான் வந்து பேசிக்கொள்கிறேன்.