வெப்கேமுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்குப் புது லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று சந்திரமோகன் சபதம் செய்தார். ஹப்சிகுடா வீட்டில் சபதம் செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. நிறைவேற்ற மட்டும் மனைவி கனகவல்லியின் அனுமதி வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரோ சாக மறுத்தது. மகள் அக்ஷதா படிக்க ஜெர்மனி போன வருஷம், அவரே பாகம் பாகமாக வாங்கிக் கோர்த்து லினக்ஸ் போட்டது. கூடவே வாங்கிய வெப்கேம் முன்னால்தான் ஞாயிறுதோறும் குடும்பம் கூடும். "சாப்பிட்டியாடி?" என்று கனகவல்லி ஜெர்மனிவரை கேட்கும்படி கத்துவாள். "தின்னானம்மா" என்று ஹப்சிகுடாவில் வளர்ந்த மகள் தெலுங்கில் பதில் சொல்வாள். சில சமயம் படம் பாதியில் உறைந்துவிடும். வாய் திறந்தபடி நிற்கும் அந்த முகத்தையே இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது அக்ஷதா செல்போனிலேயே பேசிவிடுகிறாள். சும்மா கிடந்த வெப்கேம் பழுதாகிவிட்டது. அதன் யுஎஸ்பி வயரைச் சொருகியிருந்தால், கம்ப்யூட்டர் எழும்போதே அதன் பதிலுக்குக் காத்து அப்படியே நின்றுவிடும். பிடுங்கினால் ஜோராக ஓடும். இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த சந்திரமோகன், வயரை இன்னும் நன்றாக அழுத்திச் சொருகினார். கனகவல்லியைக் கூப்பிட்டார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிவந்து ஒரு வரியில் நின்றன.

"பாரு, இன்னைக்கும் நின்னுடுச்சு."

"ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க."

"எத்தனை தடவை போடறது? வயசாயிடுச்சு இதுக்கு."

"உங்களுக்கும்தான் ஆயிடுச்சு. நான் மாத்திட்டேனா?"

"லேப்டாப் ஒண்ணு வாங்கிட்டா..."

"நக்கோ, வேண்டவே வேண்டாம்! இதை என்ன பண்ணுவீங்க?"

"பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்."

சொன்ன கையோடு திரையைத் துண்டால் துடைத்துவிட்டார். பேசாத கேமராவுக்காக இத்தனை பொறுமையாகக் காத்திருக்கும் ஒன்றை ஏமாற்றுகிறோமே, நாமெல்லாம் என்ன மனுஷன்? அன்று முழுக்க யோசித்தார். வயரைப் பிடுங்க மட்டும் கை வரவில்லை.

தினமும் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் கனகவல்லி இறங்கிவந்தாள். "சரி. விஜயதசமியன்னைக்கும் எழுந்திரிக்கலேன்னா வாங்கிக்குங்க."

அவர் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்திலிருந்து, ஆயுத பூஜைக்கு ஸ்பானரும் சுத்தியலும் சாமி அலமாரியில் ஏறும். மறுநாள் காலை எல்லாவற்றையும் எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும். பூஜையன்று சந்திரமோகன் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூடிய கண்ணுக்குள் லேப்டாப் தெரிந்தது.

விஜயதசமி காலை, மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி ஸ்விட்சைத் தட்டினார். எழுத்துகள் ஓடின. நிற்கவில்லை. ஓடியே போயின. திரை முழுக்க அக்ஷதா, வாயைத் திறந்தபடி. என்றோ உறைந்தபோது அவர் எடுத்துவைத்த படம்.

சாமான்காரனிடம் இதையா போட இருந்தோம் என்று அவருக்குக் கண் கலங்கியது. பிறகுதான் பின்பக்கம் தடவிப் பார்த்தார். வயர் இல்லை. சாமி அலமாரியில் ஸ்பானருக்கும் அரிவாள்மணைக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமுமாக வெப்கேம்.

"இதை ஏன் எடுத்தே?"

"நம்மைப் பொண்ணுக்குக் காட்டின கண்ணாச்சே. பொட்டு வைக்க வேண்டாமா?"

அட, தற்செயல்தான். மானம் தப்பியது. "ஆச்சரியமா இருக்கே, தானா சரியாயிடுச்சு!" என்றார் சந்திரமோகன்.

கனகவல்லி காபியை நீட்டினாள். "நிக்கிற வரியில வெப்கேம்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சுங்க. தினமும் கூப்பிட்டுக் காட்டினது நீங்கதானே?"