சாக்பீஸ் வீடு

சனிக்கிழமை காலையில் லிஃப்ட்காரர் ஹால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சாக்பீஸால் ஒரு பெரிய செவ்வகம் வரைந்தார். குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானித்துவிட்டவரின் முகம் அது.

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். அந்தத் தெருவில் லிஃப்ட் வைக்கிற உயரத்துக்கு ஒரு கட்டடமும் கிடையாது. நகரத்து லிஃப்ட் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து போன் செய்து அலறுவார்கள். "ஆள் கிளம்பியாச்சு, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று இவர் ஆறுதல் சொல்லுவார். அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர ரயிலில் இரண்டு மணி நேரம். திரும்பி வர இன்னொரு இரண்டு. அதிலும் பாதி நாள் இரண்டு குண்டான ஆசாமிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றபடிதான் பயணம். சம்பளத்துக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வீட்டை வாங்கினார். அது ஆபீஸுக்கு எட்டாத இடமாகப் போய்விட்டது.

இந்த நிலையில்தான் பிரிவுத் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. ஒரே நிபந்தனை, காலை ஏழு மணிக்குச் சீட்டில் இருக்க வேண்டும். அதற்கு நகரத்திலேயே குடியேற வேண்டும். தலைவர் சம்பளத்திலும் அங்கே அவருக்குக் கிடைத்தது ஒற்றை அறைதான். மனைவிக்கோ இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. பள்ளிக்கூடம் முழுவதுக்கும் டைம்டேபிள் போடுகிறவளும் அவள்தான். நகரத்துக்குப் போனால் அந்த வேலைக்கு முழுக்கு.

"ஒரே ரூம்ல மூணு பேரா? மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள்.

"முட்டாது. நிரூபிச்சுக் காட்டறேன். இதுதான் அந்த ரூமோட அளவு. நான் லீவு போட்டாச்சு. ஒரு வாரம் இந்தக் கோட்டுக்குள்ளதான் குடித்தனம்."

"கோட்டுக்கு வெளியே?"

"நகரம்."

"நம்ம பெட்ரூம்?"

"அது பக்கத்து வீடு. யாரோ இருக்காங்க. நமக்குப் பழக்கமில்லை."

"பாத்ரூம்?"

லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தவழ்ந்துகொண்டே போய் பாத்ரூம் வரைக்கும் ஒரு சந்து வரைந்துவிட்டு வந்தார்.

"சரி. முடியும்னு ஆயிட்டா?"

"மறுபேச்சு பேசக் கூடாது."

"நீங்களும்தானே?"

"நானும்தான்!"

"பாப்பா, நீதான் சாட்சி" என்றாள் ஏழு வயது மகளிடம்.

அழுகை, ஆர்ப்பாட்டம், குறைந்தபட்சம் ஒரு பாத்திரம் உருளும் சத்தம் என்று எதிர்பார்த்திருந்தார். மனைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். முப்பது வகுப்புகளை இருபது அறைக்குள் அடிதடி இல்லாமல் அடைக்கிறவளுக்கு மூன்று பேர் எம்மாத்திரம்? சாயங்காலத்துக்குள் சுவரில் டைம்டேபிள் ஏறிவிட்டது. மறுநாள் காலை தட்டில் கரண்டியால் மணி அடித்தாள்.

"பீரியட் முடிஞ்சுது! படுக்கையைச் சுருட்டுங்க, இது இப்போ சமையலறை!"

"இரு, ஷேவிங் அரை முகம்தான் ஆயிருக்கு!"

"மிச்ச அரைக்கு நாளைக்கு இதே பீரியட்."

மனுஷர் அன்று முழுக்க ஒரு பக்கமாகவே திரும்பி நின்று பேசினார்.

வாரத்தின் நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி பள்ளியிலிருந்து வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாமென்று பூனை மாதிரி பெட்ரூமுக்குள் நழுவினார். மெத்தையில் முதுகு பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கண் அயர்வதற்குள் வாசலில் மகள்.

"அப்பா, பக்கத்து வீட்டுல என்ன பண்றீங்க?"

"உஷ்! சும்மா... பேசிட்டு இருக்கேன்."

"யார்கூட?"

"தலையணைகூட."

"அம்மா! அப்பா யார் வீட்டுக் கட்டில்லயோ படுத்திருக்காரு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் மனைவி. "என்னங்க, முடியலையா? முடியலைன்னா வாய்விட்டுச் சொல்லிடுங்க. இப்பவே நிறுத்திடலாம்."

"யாருக்கு முடியலை? அரண்மனை மாதிரி இருக்கு!"

"பாப்பா, கேட்டியா?"

"கேட்டேம்மா. அரண்மனை."

அடுத்த சனிக்கிழமை மனைவியே பேச்சை எடுத்தாள். "ஒத்துக்கறேங்க. மூணு பேர் ஒரு ரூம்ல தாராளமா இருக்கலாம்."

இடுப்பு வலி பறந்துவிட்டது. "அப்போ நகரத்து ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?"

"எதுக்கு? ரூம்தான் இங்கேயே இருக்கே. மிச்ச வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. அந்த வாடகை வந்தா உங்களுக்குத் தலைவர் பதவியும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்."

"பதவி வேண்டாமா? அது என் பத்து வருஷக் கனவுடி!"

"மறுபேச்சு இல்லைன்னு சொன்னீங்க. அதோட இதையும் கேளுங்க. ஸ்கூல்ல 'என் அப்பா'ன்னு ஒரு படம் வரையச் சொன்னாங்களாம். பாப்பா உங்களை ஷூவோட மல்லாந்து படுத்த மாதிரி வரைஞ்சிருக்கா. நீங்க ரயில்ல வந்து அப்படியே விழறதைத் தவிர வேற எப்படி உங்களைப் பார்த்திருக்கா அவ? டிராயிங் மாஸ்டர் ஊருக்குப் புதுசு. என்கிட்ட வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போறார்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.

வாசலில் மணி அடித்தது. கையில் பெட்டியோடு அவருடைய மேனேஜர்!

"சார்! நீங்க எங்கே இந்தப் பக்கம்?"

"நகரத்து வாடகை என்னையே முழுங்குதுய்யா. அரைநேர வேலை கேட்க நீங்க கூச்சப்படறீங்கன்னு உங்க வீட்டம்மா போன் பண்ணினாங்க. அப்படியே இங்கே ரூம் காலியா இருக்கறதையும் சொன்னாங்க. ரெண்டையும் முடிச்சாச்சு. இனிமே வீட்ல இருந்தே போன் எடுங்க."

"அந்தத் தலைவர் சீட்டு?"

"உங்க பக்கத்து சீட்டுக்காரருக்கு. ஆபீஸுக்கு எதிர்லதான் அவர் வீடு."

"நீங்க தினமும் ரெண்டு மணி நேரம் ரயில்ல..."

"நான் ஏன் தினமும் போறேன்? மேனேஜராச்சே!"

மேனேஜர் பெட்ரூமுக்குள் போனார். கட்டில் கிறீச்சிட்டது. "ஆகா, மெத்துனு இருக்கே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

லிஃப்ட்காரர் மனைவியின் காதருகே குனிந்தார். "இந்தக் கோட்டையாவது அழிச்சுடேன். சார் முன்னாடி அசிங்கமா இருக்கு."

"அது திங்கட்கிழமை தானா மறைஞ்சுடுங்க" என்றாள் அவள். "கொத்தனார் வந்து அது மேலயே சுவர் வைக்கிறார்."