அசைந்தவள் படத்தில் இல்லை

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு புகைப்படம்தான். அசையாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு திறமை என்று உலகுக்கு முதலில் காட்டியது அது. அந்தத் திறமை எங்கள் அலுவலகத்தில் கொட்டிக் கிடந்தது.

படக்காரர் மூன்றுகால் பெட்டியோடு வந்தார். "மூடியைத் திறந்து மறுபடி மூடுற வரைக்கும் யாரும் ஆடாதீங்க" என்று கெஞ்சினார். மற்ற இடங்களில் தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைப்பாராம். எங்களைப் பார்த்ததும் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தலைமை எழுத்தரான நான் கொட்டாவியைக்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

படம் பிரமாதம். மேலாளரின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. கூட்டிப் பெருக்கும் அக்காவை மட்டும் காணோம். அவள் இருந்த இடத்தில் லேசாகப் புகை.

"பணிக்கு வராதவர்" என்று தீர்ப்பளித்து, மேலாளர் அன்றே அவளை வேலையிலிருந்து நீக்கினார்.

"ஐயோ, இங்கதானே சார் பெருக்கிட்டிருந்தேன்! காலைத் தூக்குங்கன்னு சொன்னேனே, நீங்கதான் தூக்கல! வேலை போச்சுன்னா பிள்ளைங்களுக்கு நான் எப்படி சார் சோறு போடுவேன்?"

"படம் பொய் சொல்லாதும்மா" என்றேன் நான்.

படக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "சார், இது மெதுவாப் படம் பதியற மந்தமான தகடு. அசையறவங்க இதுல விழ மாட்டாங்க. இப்போ கண் சிமிட்டறதுக்குள்ள பிடிக்கிற தகடு வந்திருக்கு. பெட்டிங்கள வரிசையா வெச்சு அடுத்தடுத்து எடுத்து, உருளைக்குள்ள ஒட்டிச் சுத்தினா படமே நடக்கும். இவங்க ஒரு தடவை பெருக்கட்டும், நீங்களே பாருங்க."

விஞ்ஞானத்துக்கு மேலாளர் குறுக்கே நிற்பதில்லை. எடுத்தார்கள்.

உருளை சுழன்றது. துளை வழியாகப் பார்த்தோம். அடடா! அக்கா குனிகிறாள், பெருக்குகிறாள், குப்பையை அள்ளுகிறாள்!

"நாம ஏன்யா அப்படியே இருக்கோம்? மிஷின் கோளாறா?" என்று மேலாளர் பதறினார்.

"நீங்க அசைஞ்சிருந்தா அசைஞ்சிருக்கும் சார்."

அக்காவும் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சார்! இப்பவாவது நம்புறீங்களா?"

அவசரக் கூட்டம் கூடியது. அதிலும் யாரும் அசையவில்லை. அலுவலகம் "முழுவீச்சில் இயங்குவதற்கான ஆதாரம்" என்று உருளை மேலிடத்துக்குப் போனது. மேலாளருக்குப் பதவி உயர்வு, எனக்குப் பாராட்டு. அக்காவுக்கு? முதல் படத்தின்படி அவள் வேலைக்கு வரவில்லை. இரண்டாவது படத்தின்படி, வேலையில் இல்லாத ஒருத்தி அத்துமீறி நுழைந்து பெருக்கியிருக்கிறாள். வெளியே அனுப்பினோம்.

"படம் பொய் சொல்லாதுன்னீங்களே சார்?" என்று வாசலில் நின்று என்னைக் கேட்டாள்.

வாஸ்தவம். படத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்குத்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.