முழு நைட்டில் இருப்பவர்கள்

ஒரு ஊரையே மொத்தமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் டைம்கீப்பர். இன்றைக்கு ஊரில் எத்தனை பேர், யார் எங்கே போயிருக்கிறார்கள், எந்த வீட்டுக்கு எந்த மச்சினன் வந்து டேரா போட்டிருக்கிறான் என்பதை நடுவழியில் நிறுத்திக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஊர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிங்காநல்லூரில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி 'மூணு லைன்' என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். 'மில் கேட்' என்று கேட்க வேண்டும். மில்லை மூடிப் பல வருஷமாகிவிட்டது, டிக்கெட்டில் மட்டும் கேட் இன்னும் திறந்திருக்கிறது. வடக்கே அந்த மில்லின் மதில். தெற்கே சாக்கடையாகிப்போன ஒரு வாய்க்கால். கிழக்கே தோட்டத்துக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு, மேற்கே ரயில் பாதை. நடுவில் தொழிலாளிகளுக்காக மில் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகள் மூன்று வரிசை. அதுதான் ஊர். ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்காது.

மாநகராட்சி மில் மதிலோடு முடிந்துவிடுகிறது. பஞ்சாயத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் நாங்கள் யாருக்கும் சொந்தமில்லை. குழாய் கேட்டு இங்கே மனுக் கொடுத்தால் அங்கே போ என்பார்கள், அங்கே கொடுத்தால் இங்கே போ என்பார்கள். வரைபடத்தில் எங்களைத் தேடினால் தாள் மடிந்த இடத்தில் இருப்போம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளிகள். அங்கே விடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். பனியிலும் மழையிலும் அம்மா பெரட்டுக்கு ஓடுவதைப் பார்த்தே வளர்ந்த நான், கல்யாணப் பேச்சு வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் சரி, பெரட்டு இல்லாத ஊராக இருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு வெளியே டணார் டணார் என்று சத்தம். யாரோ தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிக்கிறார்கள். கதவைத் திறந்தால் காக்கிச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் முழ நீள ரெஜிஸ்டர்.

"ஏனுங்க அம்மணி, பேரு என்னங்க?"

"செல்விங்க."

"எந்தூருங்க?"

"வால்பாறைங்க."

"சேர்ந்த தேதி இன்னைக்குன்னு போட்டுக்கறனுங்க. அங்க அடையாளம் ஏதாச்சு இருக்குங்களா? மச்சம், தழும்பு?"

நான் உள்ளே ஓடிப் போய், "போலீஸ் வந்திருக்குங்க" என்று அழுதுவிட்டேன். பல் துலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நுரையைக்கூடத் துப்பவில்லை. "அது நம்ம டைம்கீப்பரு அம்மணி. இருக்கேனுங்கன்னு சொல்லிப்போடு, போயிருவாரு" என்றார்.

மில்லில் அவர் டைம்கீப்பராக இருந்தவர். கேட்டில் உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிப்பதுதான் வேலை. மில்லை மூடினார்கள், மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், ஷிப்டுக்கு ஊதும் சங்கையும் விற்றுவிட்டார்கள். ஆனால் ஒருவரும் இவரிடமிருந்து ரெஜிஸ்டரைத் திருப்பி வாங்கவில்லை. மறுநாள் காலை இவர் அதைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகளுக்குப் புறப்பட்டுவிட்டார். நான் வந்தபோது அது வெகுநாள் வழக்கமாகியிருந்தது.

மில்லின் சட்டதிட்டமெல்லாம் ஊருக்கும் உண்டு. பிறந்த குழந்தை அப்ரெண்டிஸ். தானாக வாய் திறந்து "இருக்கேனுங்க" என்று சொல்லும் நாளில்தான் பர்மனெண்ட். விருந்தாளிகள் பதிலி ஆட்கள். ஆறரை மணிக்கு எழுந்திருக்காதவர்களுக்குச் சிவப்பு மையில் லேட். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார்.

"என்ற ஊட்ல நான் தூங்கறதுக்கு லேட் மார்க்குங்களா?"

"மணி ஏழுங்க" என்றார் டைம்கீப்பர், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல.

மூன்றாம் லைன் மரகதக்காவின் தம்பி மாரியம்மன் நோம்பிக்கு வந்தவன், நோம்பி முடிந்து, அடுத்த பண்டிகையும் முடிந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்தவனைப் போ என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் காலை டைம்கீப்பர் அவன் எதிரில் நின்று மூன்று லைனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மாப்ள, பதிலியா வந்து ரொம்ப நாளாச்சுங்க. நாளைலிருந்து உங்கள பர்மனெண்ட் பண்ணிப்போடறனுங்க." பத்து மணி பஸ்ஸுக்குத் தம்பி கிளம்பிவிட்டான். மரகதக்கா அன்று மத்தியானம் ஒரு சட்டி கொள்ளுப் பருப்பை டைம்கீப்பர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

இதையெல்லாம் பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் மாமியார் இறந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

காரியமெல்லாம் முடிந்த பின் ஒரு காலையில், அவர் எங்கள் வீட்டுப் பக்கத்தைப் புரட்டியபோது எட்டிப் பார்த்தேன். மாமியார் பெயர் அடிக்கப்படவில்லை. அதற்கு நேரே 'முழு நைட்' என்று எழுதியிருந்தது. மில்லில் மூன்று ஷிப்ட். பகல், அரை நைட், முழு நைட். ராத்திரி போய் விடிந்து திரும்புவது முழு நைட்.

"என்னங்க இது? அத்தைதான் போயிட்டாங்களேங்க" என்றேன்.

"முழு நைட்டுக்காரங்க பகல்ல கண்ணுல படமாட்டாங்க அம்மணி. அதுக்காவ ஆளே இல்லீன்னு அடிச்சுப்போட முடியுங்களா?"

பிறகு நின்று நிதானமாகச் சொன்னார். அவர் மில்லில் பார்த்ததெல்லாம் முழு நைட்தான். ஒரு தடவை ஜனத்தொகை எழுத வந்தவர் பகலில் வந்திருக்கிறார். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, மனைவி ராஜாமணி பகல் ஷிப்டுக்குப் போயிருக்க, வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் யாருமில்லை என்று எழுதிப் போய்விட்டார். அந்தக் காயம் அவருக்கு ஆறவேயில்லை.

"ராஜாமணி நூல் சுத்தற ரீலிங்ல பகலு, நான் முழு நைட்டு. வெடியால அவ உள்ள போவா, நான் வெளிய வருவேன். கேட்டுல பாத்துக்குவோம். சோத்துத் தூக்குப்போசிய கைமாத்திக்குவோம். குடும்பம் நடத்துனது அவ்வளவுதானுங்க. மில்லை மூடறதுக்கு முன்னாலயே அவ போயிட்டா. இப்ப மாத்திப் போட்டாங்க. நான் பகலு, அவ முழு நைட்டு."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் உள்ளே போய் மாமியாரின் தட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காரியத்தன்று வராத அழுகை அப்போது வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையில் தண்ணீர் லாரியும் நின்றுபோனது. வாய்க்காலைத் தாண்டி நடந்து குடம் சுமந்தோம். அப்போதுதான், எந்தத் தெய்வம் கண் திறந்ததோ, ஒரு பெண் அதிகாரி வந்தார். எங்களைப் பஞ்சாயத்தோடு சேர்த்து வீட்டுக்கு வீடு குழாய் போட யோசனை இருக்கிறதாம். எந்த வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சரியான பட்டியல் வேண்டுமாம்.

பட்டியலா! ஊரே டைம்கீப்பரைத் தோளில் தூக்காத குறைதான். அவர் ரெஜிஸ்டரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அதிகாரி புரட்டிக்கொண்டே போனார்.

"ஐயா, இத்தனை பேர் முழு நைட் போறாங்களே, எந்த மில்லுக்கு?"

மரகதக்காதான் கையை வானத்தைப் பார்த்துக் காட்டி, "மேல் மில்லுக்குங்க" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "இறந்தவங்க பேரோட கொடுத்தா மொத்தப் பட்டியலையும் தள்ளிடுவாங்க. திங்கட்கிழமை வர்றேன். அவங்க பேரையெல்லாம் அடிச்சுட்டுக் கொடுங்க" என்று சொல்லிப் போனார்.

டைம்கீப்பர் முடியாது என்றார். நேற்று வரை அவரைக் கொண்டாடிய ஊர் அன்று அவரைப் பேசிய பேச்சை எழுத முடியாது. "செத்தவங்களுக்குத் தண்ணி வேணுமா, இருக்கறவங்களுக்கு வேணுமா?" என்று என் வீட்டுக்காரரே கத்தினார். அவர் கேட்டதில் தப்பில்லை. இரண்டு நாள் தண்டவாளம் அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ரெஜிஸ்டரோடு என்னிடம் வந்தார். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார்.

"அம்மணி, நீங்க ஆபீஸ்ல எழுதறவீங்க. என்ற கை வரமாட்டீங்குது. நீங்க அடிச்சுப்போடுங்க."

ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராக அடித்தேன். என் மாமியாரையும் நானே அடித்தேன். அவர் மில் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பதினேழாம் நம்பர் வீட்டுப் பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர். ராஜாமணி, ரீலிங், முழு நைட். கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் போட்டேன். அந்தப் பக்கத்தில் வேறு பெயர் ஏன் இல்லை என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. காலேஜ் ஆபீசில் வருஷக்கணக்காக ரெஜிஸ்டரோடு குப்பை கொட்டுகிற கழுதை நான்.

மீதியிருந்த பெயர்களை நல்ல தாளில் எழுதித் திங்கட்கிழமை கொடுத்தோம். டைம்கீப்பர் மறுபடியும் காலையில் வந்தார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. யாராவது போய்ச் சேர்ந்த வீட்டு வாசலில் மட்டும், பேனாவைத் தூக்கியபடி ஒரு நொடி நிற்பார். பிறகு ஒன்றும் எழுதாமல் நகர்வார்.

சொன்னபடியே குழாய் போட ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு குழாய். பதினாறாம் நம்பருக்குப் போட்டார்கள். பதினேழைத் தாண்டிப் பதினெட்டுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க, இந்த ஊட்டை உட்டுப்போட்டீங்களே?" என்று ஓடினேன்.

"இது காலி ஊடுங்க. பட்டியல்ல ஆளே இல்லீங்களே" என்றார் மேஸ்திரி. அவர் இதைச் சொன்னபோது அந்தக் காலி வீட்டு வாசலில் டைம்கீப்பர் காக்கிச் சட்டையும் குடமுமாக நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மில்லில் டைம்கீப்பர் எழுதும் ரெஜிஸ்டரில் டைம்கீப்பரின் பெயர் இருக்காது. அவருக்கு வருகை போடுவது ஆபீஸ். ஆபீஸே இல்லாமல் போன பிறகும் இந்த மனிதர் அந்த ஒழுங்கை மீறவில்லை. ஊரில் பிறந்த குழந்தை முதல் போனவர்கள் வரை அத்தனை பேரையும் எழுதியவர், தன்னை மட்டும் ஒரு நாளும் எழுதவில்லை. அவர் வீட்டில் இருந்த ஒரே பெயரையும் நான் அடித்துவிட்டேன்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சிரித்தார்.

"அட உடுங்க அம்மணி. மறுபடியும் நம்மள முழு நைட்டுன்னு நெனச்சுப்போட்டாங்க."

'பதினேழாம் நம்பரில் குடியிருக்கும் டைம்கீப்பர்' என்று போட்டுத் திருத்தம் கேட்டு மனு எழுதினேன். மறுபடி எழுதினேன். இதற்கிடையில் அவருக்குத் தண்ணீர் கொடுப்பதில் ஊரில் போட்டி வந்துவிட்டது. அவரை அதிகமாகப் பேசியவர்கள்தான் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒற்றை ஆள் வீட்டு வாசலில் தினமும் பத்துப் பன்னிரண்டு குடம். "குடிக்கறதுக்கு ஒரு ஆள் போதாதுங்க, பதிலி வேணும்" என்பார். மிச்சத்தை மதிலோரத்து வேம்புக்கு ஊற்றுவார். எங்கள் வீட்டுக் குடத்தை மட்டும் நான் என் கையால் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன ஐப்பசி மழையில் ஒரு காலை, மணி ஏழாகியும் தண்டவாளம் அடிக்கவில்லை. மூன்று லைனிலும் எல்லோரும் வாசலுக்கு வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் பதினேழாம் நம்பருக்கு ஓடினார். தூக்கத்திலேயே போயிருந்தார்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் என் மனுவுக்குப் பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் நேரில் ஆஜராக வேண்டுமாம். மயானத்தில் ரசீது போடும்போதுதான் அவருடைய பெயரே எங்களுக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுத மனம் வரவில்லை. எங்களுக்கு அவர் டைம்கீப்பர்.

ரெஜிஸ்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. பதினேழாம் நம்பர் பக்கத்தைத் திறந்து, நான் கோடு போட்டு அடித்த ராஜாமணியம்மாவின் பெயரைக் கீழே மறுபடியும் எழுதினேன். அதற்கும் கீழே 'டைம்கீப்பர்' என்று எழுதினேன். இரண்டுக்கும் நேரே முழு நைட் என்று போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து கேட்டில் மட்டுமே பார்த்துக்கொண்ட அந்த இரண்டு பேருக்கும் இப்போதுதான் ஒரே ஷிப்ட்.