கடலுக்கு அப்பா குறித்த தேதி

"வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு. குடும்பத்தோட மகாபலிபுரம்!"

இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பா இப்படி அறிவித்தபோது, லீவுக்கு வந்திருந்த எனக்குப் புரையேறியது. அம்மாவுக்கு ஏறவில்லை. "சரிங்க" என்று சட்னி ஊற்றினாள்.

அந்தச் 'சரிங்க'வை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சென்னையில் அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறேன் என்று பேர்.

வழக்கின் பின்னணி இது. எழுபத்தேழில், கல்யாணமான புதிதில், அம்மாவுக்குக் கடலைக் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். இப்போது தொண்ணூற்றொன்பது. நடுவில் எத்தனையோ பிரதமர்கள் வந்து போய்விட்டார்கள். கடல் மட்டும் வரவில்லை. அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்காரர். எந்த மனுவையும் முடியாது என்று திருப்ப மாட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்பார். அம்மாவின் கடல் இருபத்திரண்டு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்தபோது திண்டிவனம் வரைக்கும் எலுமிச்சம்பழம், அதற்கப்புறம் பாலிதீன் பை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் குடும்பத் தலைவர் பதவிக்கு என்ன மரியாதை? அதனால், "கடல்ல இன்னா இருக்குது? தண்ணி. ஐயங்குளத்துலயும்தான் தண்ணி" என்பார்.

என் பல்கலைக்கழகம் கடலுக்கு நேர் எதிரில். அன்றைக்கு அம்மா எங்களோடு வந்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். வரவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி.

திருவண்ணாமலையில் வீடு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பௌர்ணமி தவறாமல் உலகமே மலையைச் சுற்ற வரும். அந்த உலகத்தில் நம் சொந்தக்காரர்களும் அடக்கம். செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர் நடந்த பசியோடு அவர்கள் நேராக நம் வீட்டுக்கு வருவார்கள். புண்ணியம் அவர்களுக்கு. சாம்பார் அம்மாவுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஆபீஸ் போனதும் காலண்டரைப் புரட்டினேன். அவர் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ராத்திரி வைகாசிப் பௌர்ணமி. எனக்கு ரத்தம் கொதித்தது. சாயங்காலம் அவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் பிடித்தேன்.

"அப்பா, நீங்க சொன்ன தேதி பௌர்ணமிக்கு மறுநாள்!"

"அட, அப்டியா?"

"தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்க. கீழ்பென்னாத்தூர் அத்தை கும்பலா வந்து உக்காந்திருக்கும். அம்மா எப்படிக் கிளம்புவா?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? நெலா என் கன்ட்ரோல்லயா இருக்குது?"

"தேதி உங்க கன்ட்ரோல்லதானே இருந்துச்சு!"

"இதப் பாரு வக்கீலம்மா. ஞாயித்துக்கிழமைய நான் கண்டுபிடிக்கல."

அதோடு விட்டாரா? பஸ் ஸ்டாண்டில் பார்த்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவரிடம், "இந்தத் தடவ எல்லாரையும் இட்டுக்கினு வரச் சொல்லுங்க" என்று தன் அக்காவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். என்ன சதி!

சமையலறைக்கு ஓடினேன். அம்மா எலுமிச்சம்பழங்களை நாலு நாலாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது பௌர்ணமி!"

"தெரியும்டி. மாசா மாசம் அதுக்குத்தானே சோறு வடிக்கிறேன்."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருக்கே?"

"அதான் நீ பேசுறியே. எதுக்கு ரெண்டு பேரு?" என்றவள் ஒரு இன்லேண்டு லெட்டரை நீட்டினாள். "மாமாவுக்கு ஊறுகாய்ப் பக்குவம் எழுதியிருக்கேன். போட்டுட்டு வா."

ஒரு பெண்ணின் இருபத்திரண்டு வருஷக் கனவு சாகக் கிடக்கிறது, இவள் ஊறுகாய்ப் பக்குவம் எழுதுகிறாள். பொருமிக்கொண்டே போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாடகத்தை ஆரம்பித்தார்.

"லட்சுமி, பேஜாராப் போச்சு. அக்கா வருதாம். பத்து பேரு."

"அப்டிங்களா."

"ஆளுங்க வந்திருக்கும்போது வூட்டப் பூட்டிக்கினு போவ முடியுமா? வீட்டுக்காரங்க ஒருத்தராவது இருக்கணுமா இல்லியா?"

அம்மா கரண்டியை நிறுத்தினாள். "இருக்கணும்ங்க. நீங்க சொல்றது நியாயம்."

"உனக்கு வருத்தம்னா..."

"இதுல இன்னாங்க வருத்தம்? ஒருத்தராவது இருக்கணும். அதானே மரியாத."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். விடுவேனா? பெண்ணின் உழைப்பு, ஆணின் ஓய்வு, சமையலறையைச் சரிபாதியாகப் பங்கு போட வேண்டிய அவசியம் என்று இருபது நிமிஷம் முழங்கினேன். அப்பா பேப்பருக்குள் புகுந்துகொண்டார். அம்மா மட்டும் முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கூடத்தில் பாஞ்சாலை அத்தையும் அவர் பரிவாரமும் நெல் மூட்டை அடுக்கிய மாதிரி தூங்கினார்கள். வாசலில் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கண்ணாயிரம் மாமா. அம்மாவின் தம்பி; போன வருஷம்தான் வேலை மாறி அந்த ஊருக்குப் போனவர். ஊர்க்காரர்களோடு வந்து, மலையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறாராம்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். மாம்பழக் கலர் புதுப்புடவை. கையில் பை.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் அப்பா, பல்விளக்கும் வாயோடு.

"மகாபலிபுரத்துக்குங்க. இன்னிக்கினு நீங்கதானே தேதி வெச்சீங்க? தம்பி ஊர்லேருந்து பத்து மைலுதானாம். ஒரு எடம் காலியா வெச்சிக்கினு வாடான்னு அன்னிக்கே லெட்டர் போட்டுட்டேன்."

அந்த லெட்டர்! என் கையாலே போட்ட லெட்டர்!

"வூடு நெறைய ஆளுங்க இருக்காங்களே!"

"அதான் நீங்க இருக்கீங்களே. வீட்டுக்காரங்க ஒருத்தராவது இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு பேரும் இருக்கணும்னு சொல்லலியே."

அப்பா ஆபீஸில் இத்தனை வருஷம் படித்த விதிமுறைகளை எல்லாம் மனசுக்குள் புரட்டுவது தெரிந்தது.

"நானும் வரேன்!"

"ஒரு எடம்தாங்க. அதுவும் பின்னாடி, சக்கரத்து மேல. தூக்கித் தூக்கிப் போடும். எலுமிச்சம்பழம் வேற அவ்வளவையும் ஊறுகா போட்டுட்டேன்."

"சபாஷ்மா!" என்று கத்திக்கொண்டே நான் வேன் படியில் காலை வைத்தேன். "எனக்கு உக்கார எடம் வேணாம், நின்னுக்கினே வரேன்!"

அம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். "நீ தெனமும் பாக்குற கடல்தானேடி. வெள்ளிக்கிழம பேசினியே, சரிபாதின்னு. ரொம்ப நல்லா இருந்துச்சு. சாம்பாரு உங்கப்பா. பாத்திரம் நீ."

வேன் போய்விட்டது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சமையலை நான் விவரிக்கப் போவதில்லை. பருப்பு வேகவில்லை, அப்பா வெந்தார். அத்தை எழுந்து வந்து, "இன்னாடா ராமதாஸு, லட்சுமி எங்க?" என்றார்.

"கடலப் பாக்கப் போயிருக்குது."

"நல்லதாப் போச்சு, பாவம் எங்கயும் போவாத பொண்ணு. ரெண்டு அப்பளம் ஜாஸ்தியாப் பொரி. ரசம் இருக்குதில்ல?"

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா திரும்பி வந்தாள். மாமா பஸ் ஏற்றிவிட்டாராம். புடவை ஓரம் உப்பில் விறைத்திருந்தது. கால் விரலிடுக்கில் மணல். அத்தை கூட்டம் ஊருக்குப் போயிருந்தது. அப்பா தானாகவே இலை போட்டு, மிச்சமிருந்த சோற்றையும் சாம்பாரையும் பரிமாறினார்.

"எப்டி இருந்துச்சு?" கோபமாகக் கேட்க நினைத்தவர் ஆசையாகத்தான் கேட்டார்.

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அது கிட்ட வரும்ங்க. நான் பயந்துக்கினு பின்னாடி ஓடுவேன். பாத்தா, அதுவும் பின்னாடி ஓடிப் போயிடும். மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் அதேதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபத்தொரு வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு. அப்பாவும் தன்னை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாந்தி வந்தா வந்துட்டுப் போவுது," என்றார் கடைசியில், மெல்ல. "நானும் வந்திருக்கலாம்."

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். யோசித்தாள்.

"சாம்பார்ல உப்பு கம்மி. ஆனிப் பௌர்ணமிக்குள்ள சரியா வெக்கக் கத்துக்குங்க. கடலூர்லேருந்து ஒரு வேன் வருதாம். அதுலயும் ஒரு எடம்தான் இருக்குதாம்."