மேலேயா, கீழேயா?

மறுபடியும் கோடு கீழே விழுந்தது.

விஞ்ஞானி நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே ஆளுயரக் குளிர்கலன். அதற்குள் நகத்தளவு சில்லு. சில்லுக்குள் சிறைப்பட்ட ஒற்றை எலக்ட்ரான். அது மேல்நிலையில் இருக்கிறதா, கீழ்நிலையிலா என்பதைத் திரையில் ஓடும் கோடு காட்டும். பத்து நொடி மேலேயே நின்றால் போதும். ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆய்வைப் பார்வையிடக் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் இன்றோடு ஆய்வகத்துக்குப் பூட்டு.

"அக்கா, ஏசியை நிறுத்துங்க! அந்த அதிர்வுதான் கெடுக்குது."

உதவியாளர் அக்கா நிறுத்தினாள். அறை கொதித்தது. கணினியின் விசிறிகள் அலற ஆரம்பித்தன. கோடு குதியாட்டம் போட்டது.

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

திறந்தாள். கீழே ரோடு ரோலர் உருண்டது. கோடு திரையை விட்டே ஓடியது.

"மூடுங்க, மூடுங்க! செல்போனையும் அணைச்சிடுங்க!"

"அப்புறம் குழு வந்தா வாசல்லேருந்து எப்படிம்மா சொல்லுவாங்க?"

"வரட்டும், பாத்துக்கலாம்!"

கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. மணி பத்து ஐம்பத்தைந்து. சட்டென்று விஞ்ஞானிக்குப் பொறி தட்டியது. லிஃப்ட் மோட்டார்! தாழ்வாரத்துக்கு ஓடி, சுவிட்சை அணைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

கோடு மேலே ஏறி, அசையாமல் நின்றது.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோதும் அது அசையவில்லை. தோள்பையுடன் இரண்டு பேர். நாலு மாடி ஏறிய களைப்பில் வியர்த்திருந்தார்கள்.

"வாங்க சார்! படியேற வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. பாருங்க, உள்ள மாட்டியிருக்கு!" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"தெரியும்மா," என்றார் பெரியவர். "எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு."

"நாலுன்னு சொன்னாங்களே?"

"நாலு அடுத்த வருஷம் சார். இப்போதைக்கு ஒண்ணுதான்."

பெரியவர் கூட வந்தவரைப் பார்த்தார். "சரி. இப்ப மேல இருக்கா, கீழ இருக்கா? மேலயும் இல்லாம கீழயும் இல்லாம நடுவுலன்னு கேள்விப்பட்டோம்."

அவள் கண்ணில் நீரே வந்துவிட்டது. இப்படி விஷயம் தெரிந்தவர்களையா அனுப்பியிருக்கிறார்கள்!

"அளக்கற வரைக்கும் அப்படித்தான் சார்! எவ்வளவு சரியாச் சொல்றீங்க!"

"வெளிய எடுத்துடலாமா?"

"ஐயையோ! எடுத்தா எல்லாம் போச்சு. முடிஞ்ச வரைக்கும் உள்ளயே வச்சிருக்கணும். அதுலதான் நம்ம திறமையே இருக்கு!"

பெரியவர் தோள்பையை இறக்கி, உள்ளேயிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

"உங்க திறமை இருக்கட்டும்மா. நாங்க லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவங்க. ஏதோ ஆராய்ச்சி பாக்க வந்த குழுவாம், ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுக்கிட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்காங்க. சுவிட்ச் எங்க?"