ஏழு கிலோவுக்குள் மொலாசு

கள்ளக்குறிச்சியில் டிராக்டர் போகக் கூடாத இடம் என்று ஒன்று இருப்பதை டிராக்டர் அக்கா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. வங்கிக்கு டிராக்டர். கோயிலுக்கு டிராக்டர். கல்யாணத்துக்கும் அதேதான், பட்டுப்புடவையில். வடக்கனந்தலில் கரும்புக் கொல்லை, டவுனில் வீடு. நடுவில் அவர் வரும் வேகத்தைப் பார்த்துத் தனியார் பஸ்காரர்களே ஒதுங்கி நிற்பார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போனவர், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்காமலே உள்ளே போய்விட்டார். கேட்டதற்கு, "பேட்டரி வீக்கு சார். ஒரு பல்லுதானே, தோ வந்துருவேன்" என்றார்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். வங்கி வேலை, ஒண்டிக்கட்டை. சாயங்காலம் படியேறும்போது கீழிருந்து குரல் வரும். "இன்னா சார், சாப்ட்டீங்களா?" ஆச்சு என்றால், "இன்னா சாப்ட்டீங்க?" இட்லி என்றால், "எத்தினி?" எங்கள் வங்கிக்கு வரும் தணிக்கை அதிகாரிகூட என்னை இப்படிக் குடைந்ததில்லை.

அக்காவின் நாய் பெயர் மொலாசு. கல்வராயன் மலைக்குப் பலாப்பழம் வாங்கப் போனவர், வீட்டில் டிரெய்லரைத் திறந்தபோது பழங்களுக்கு நடுவே குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. நியாயஸ்தர் என்பதால் மறுபடி மலையேறி ஊர் ஊராகக் கேட்டார். ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. கரும்பாலையில் மொலாசு என்று சொல்லும் கழிவுப்பாகின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பெரிதாக வளர்ந்து கொல்லையில் பன்றி விரட்டும் என்று காத்திருந்தார். அதற்கு வளரும் உத்தேசமே இருக்கவில்லை. பூனையைப் பார்த்தால் அக்காவின் புடவைக்குள் ஒளிந்துகொள்ளும்.

அப்போதுதான் மும்பையிலிருந்து தகவல் வந்தது. அக்காவின் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டியவளை, அசையவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். நாள் நெருங்குகிறது, ரயிலில் இடமில்லை. விமானம்தான். அதே வாரம் என்னை ஒரு பயிற்சிக்காக வங்கி மும்பைக்கு அனுப்பியதால், அக்காவை அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"மொலாசுக்கும் சேத்து டிக்கெட்டு போடுங்க சார்."

"நாயை யாராவது பாத்துக்க மாட்டாங்களாக்கா?"

"ஏங் கையி தவுர வேற யாரு கைலயும் துன்னாது சார். அஞ்சாறு மாசம் நான் இல்லன்னா பட்டினி கெடந்தே பூடும்."

இதற்கு நானே சாட்சி. அக்கா திருநாவலூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போன அன்று நான் பாலும் பிஸ்கட்டும் வைத்தேன். அது என்னைப் பார்த்த பார்வையில், கடனுக்கு மனு கொடுத்தவர்களை நான் பார்க்கும் பார்வை எனக்கு நினைவு வந்தது.

விசாரித்தேன். சின்ன நாயை நம்மோடு உள்ளேயே கொண்டுபோகலாம். ஆனால் பைக்குள் இருக்க வேண்டும், பை சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும், நாயும் பையும் சேர்ந்து ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. மாட்டு ஆஸ்பத்திரியில் பசுக்களுக்கு நடுவே வரிசையில் நின்று உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கினோம். அரிசி மண்டியில் எடை போட்டோம். அரைக் கிலோ ஜாஸ்தி.

"சோத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணலாமேக்கா."

"வாயில்லாத ஜீவன பட்டினி போடச் சொல்றீங்களே, நீங்கள்லாம் இன்னா படிச்சீங்க?" என்றவர், உடனே முகம் மலர்ந்தார். "அட, இதுக்கு ஏன் சார் கவல? காய வுட்டா தானா கொறையும்."

கரும்பு போடுகிறவர்களுக்கு இது புரியும். வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நின்றால், வெயிலில் காயக் காய எடை குறைந்துகொண்டே போகும். அந்த வரிசையில் நின்று வயிறெரிந்தவர் அக்கா. ஆயுசு முழுக்கத் தன்னை ஏமாற்றிய வெயில் ஒருமுறையாவது தனக்கு உதவட்டும் என்று முடிவு செய்துவிட்டார். "காலைலயே போய் லைன்ல குந்திக்குவோம். சாயங்காலம் நம்ம முறை வரச்சொல்ல ஏழு கிலோவுக்குள்ள வந்துரும்." நாய் வேறு, கரும்பு வேறு என்று எவ்வளவோ சொன்னேன். "உசுரு உள்ளதெல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்.

இதற்கிடையே நாய்க்குப் பயிற்சியும் நடந்தது. விமானச் சத்தத்துக்குப் பழக வேண்டுமாம். பையில் மொலாசை வைத்து, டிராக்டர் சீட்டுக்கு அடியில் திணித்து, தினமும் கச்சிராயபாளையம் ரோட்டில் ஓட்டினார். நாலே நாளில் அது நன்றாகவே பழகிவிட்டது. எஞ்சின் சத்தம் கேட்டால்தான் தூக்கமே வரும் என்னும் அளவுக்கு.

மாலை விமானத்துக்கு முற்பகலிலேயே சென்னை விமான நிலைய வாசலில் அக்கா பாய் விரித்தார். ஊரிலிருந்து எங்களுக்கு வாடகைக் கார் ஓட்டி வந்த பாஷா, எங்களை ஏற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்று கூடவே இருந்தார். பக்கத்தில் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் மொலாசு. அக்கா முகம் கழுவப் போனார். நான் போன் பேசத் தள்ளிப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தபோது அங்கே ஒரு சின்னக் கூட்டம். துபாய்க்காரரை வழியனுப்ப வந்த குடும்பம் மொலாசுக்குப் பூரி ஊட்டிக்கொண்டிருந்தது. ஒரு காவலர் பிஸ்கட்டை உடைத்து உடைத்துப் போட்டார். பாஷா தன் பங்குக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். யாருடைய கையிலும் தின்னாத மொலாசு எல்லோருடைய கையிலும் தின்றது. சபலத்தில் நானும் ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஓடி வந்த அக்கா, பாஷாவின் கையையும் மொலாசின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பாயைச் சுருட்டினார்.

கவுண்டரில் எடை எட்டு கிலோவைத் தொட்டது.

"அனுமதிக்க முடியாதும்மா. ஒரு கிலோ அதிகம்" என்றாள் அங்கிருந்த பெண்.

நான் அக்காவைத் தனியே அழைத்து, எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன். "அக்கா, இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. அது எல்லார் கையாலயும் சாப்பிடுது. பாஷா கூடவே ஊருக்கு அனுப்பிடலாம். அவர் வீட்டுல ராஜா மாதிரி இருக்கும். அங்க உங்க பொண்ணு காத்துக்கினு இருக்கு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பையின் வலைக்குள் விரலை விட்டு அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். கல்யாண மண்டபத்தில் டிராக்டரைத் திருப்ப இடமில்லை என்று பந்தலையே பிரிக்கச் சொன்னவர் அவர். அன்று பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது துன்னும் சார். இப்பதான் பாத்தனே. யாரு குடுத்தாலும் துன்னும்." மூக்கை முந்தானையில் துடைத்தார். "நான் துன்ன மாட்டேன் சார். பொண்ணு கட்டிக்கினு போனதுலேர்ந்து தனியா குந்தி துன்னா எனக்குச் சோறு எறங்கல. இதும் மூஞ்சப் பாத்துக்கினுதான் துன்றேன். அந்த ஊர்ல மாப்ள வேலைக்குப் பூடும், பொண்ணு படுத்துக் கெடக்கும். பொறக்கப் போறது தூங்கிக்கினு கெடக்கும். நான் யாரு மூஞ்சப் பாப்பேன்?"

கவுண்டர் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும். "மூடறதுக்கு இன்னும் நேரம் இருக்கும்மா. குறைச்சு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவ்வளவுதான், அக்காவுக்கு உயிர் வந்துவிட்டது. பையில் கையை விட்டு, அடியில் மடித்து வைத்திருந்த கோணிச் சாக்கை உருவினார். "மில்லுல வண்டி எடைய கழிச்சிட்டுத்தானே லோடு எடை போடுவாங்க? இங்கயும் கழிச்சிருவாங்கன்னு இருந்துட்டேன் சார்." சாக்கோடு ஒரு வெண்கல மணியும் வந்தது, மாட்டுக் கழுத்து அளவுக்கு. பிறகு காவலர்களிடம் சொல்லிவிட்டு மொலாசை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார். பூரி, பிஸ்கட், இட்லி எல்லாம் ஒரு வேலியோரம் இறங்கும்வரை, "ஆவட்டும்டா கண்ணு, ஆவட்டும்" என்று அவர் கெஞ்சியதை வெளிநாட்டுப் பயணிகள் நின்று பார்த்தார்கள். சுத்தம் செய்தது யார் என்று சொல்ல மாட்டேன்.

மறுபடி எடை மேடையில் வைத்தார். எண் ஏறி, இறங்கி, ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பிஸ்கட் போட்ட காவலர்தான் முதலில் கைதட்டினார்.

பட்டுப்புடவை மேல் கோணிச் சாக்கைச் சால்வையாகப் போட்டுக்கொண்டு அக்கா விமானம் ஏறினார். கிளம்பும்போது எழுந்த இரைச்சலில் மொலாசு தூங்கிவிட்டது. மேலே போனதும் சத்தம் அடங்கியது. உடனே விழித்துக்கொண்டு முனக ஆரம்பித்தது. பணிப்பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா சட்டென்று குனிந்து, "டுர்ர்ர்ர்ர்..." என்றார். முனகல் நின்றது. நிறுத்தினால் மறுபடி முனகல். அன்று மும்பை வரைக்கும் டிராக்டர் ஓடியது, நடுவில் கியர்கூட மாற்றினார். ஜன்னலோரம் இருந்தவர் பாவம், வாந்தி எடுக்கும் பையைப் பிரித்து அக்காவிடம் நீட்டினார்.

பேரன் பிறந்துவிட்டான். அவன் அழுதாலும் டிராக்டர் ஓட்டினால்தான் தூங்குகிறானாம். பயிற்சி முடிந்து நான் ஊர் திரும்பிவிட்டேன். நேற்று அக்கா போன் செய்தார். பின்னணியில் மொலாசு குரைத்தது, குழந்தை அழுதது, நடுவே அந்தக் கேள்வி.

"இன்னா சார், சாப்ட்டீங்களா?"

"ஆச்சுக்கா."

"எத்தினி?"

நாலு இட்லி என்று பொய் சொன்னேன். கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் போனதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.